செத்தவன் மடியில் தங்கம்

ரயிலில் யாராவது என் வேலை என்னவென்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தால் பங்காருபேட்டை தாண்டி வண்டி போய்க்கொண்டிருக்கும், கேட்டவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வாளும் மந்திரமுமாக ஒரு கற்பனை நாடு. அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. அதில் வழியில் வரும் கொள்ளைக்காரனையோ பூதத்தையோ வெட்டிச் சாய்த்தால், விளையாடுகிறவர் குனிந்து செத்தவனைத் துழாவலாம். கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு லூட் என்று பெயர். யாரிடம் என்ன கிடைக்க வேண்டும், சாகும் முன்பு அவன் எதை வைத்துச் சண்டை போட வேண்டும் என்று முடிவு செய்கிறவள் நான். பெங்களூரில் ஒரு கம்பெனி இதற்குச் சம்பளம் கொடுக்கிறது. அதற்காகத் தினமும் இருட்டோடு எழுந்து ஊரிகத்தில் ரயில் ஏறுகிறேன்.

நான் சேர்ந்தபோது அந்த விளையாட்டு தர்மசத்திரமாக இருந்தது. கிழிந்த கோவணத்தோடு தடியைத் தூக்கிக்கொண்டு வருகிற வழிப்பறிக்காரன் செத்தால், வைரம் பதித்த வாள் விழும். அவ்வளவு நல்ல வாளை வைத்துக்கொண்டு அவன் ஏன் தடியால் அடித்துக்கொண்டிருந்தான் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. விளையாடுகிறவர்கள் காலையில் நுழைந்து மத்தியானத்துக்குள் ராஜாவாகி, அதற்குமேல் ஆசைப்பட எதுவும் இல்லாமல் மூடிவிட்டுப் போனார்கள். இதைச் சரிக்கட்டத்தான் என்னை எடுத்தார்கள். நான் ஒரே ஒரு சட்டம் வைத்தேன். எவன் கையில் எது இருக்கிறதோ அதுதான் விழும். நல்ல வாள் வேண்டுமென்றால் முதலில் அந்த வாளால் அடி வாங்கு. இதைப் பொறுமையாக ஒவ்வொரு ஆளுக்கும் செய்து முடித்தபோது ஆபீசில் எனக்கு "ரேஷன் கடை" என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அப்பாவுக்கும் இந்தச் சட்டம் பிடித்திருந்தது. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடுகிற வரைக்கும் பூமிக்கடியில் தங்கப் பாறையை உடைத்தவர். அம்மா போன பிறகு நந்திதுர்க்கில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் எதற்கெடுத்தாலும் "மடியில கனம் இல்ல, வழியில பயம் இல்ல" என்பார். பென்ஷன் ஆபீசிலும் சொல்வார், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரியிடமும் சொல்வார். ஆனால் பயம் இல்லாமல் இல்லை. ஒருமுறை பெங்களூரில் மெட்ரோ ரயிலுக்கு அழைத்துப் போனேன். வாசலில் சோதனைக்கு நின்ற காவலர் கையை நீட்டுவதற்குள் அப்பா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, கால்களை அகட்டி, வாயையும் திறந்து காட்டினார். அந்தக் காவலர் சிரித்துவிட்டார். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜிலிருந்து இறங்கி வெளியே வருகிறபோது தினமும் அப்படித்தான். வரிசையில் நின்று, கையைத் தூக்கி, வாயைத் திறந்து, மடியை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும். நான் அப்பாவின் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன்.

அந்தப் பயத்துக்குமேல் ஓர் அவமானமும் உண்டு. எனக்கு ஒரு வரன் நிச்சயமாகும் தறுவாயில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆம்பூர்ப் பக்கம். எல்லாம் பேசி முடித்துக் காபி குடிக்கும்போது மாப்பிள்ளையின் மாமா அப்பாவின் தொடையைத் தட்டி, "இவ்வளோ வருஷம் தங்கத்துலயே இருந்திருக்கீங்க, சும்மாவா வந்திருப்பீங்க? ஒரு துண்டு, ரெண்டு துண்டு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா எழுந்து நின்று, சட்டைப் பையை வெளியே இழுத்துத் திருப்பிக் காட்டினார். அதிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்று விழுந்தது. அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. அதற்காக நான் ஒருநாளும் அழுததில்லை. பையைத் திருப்பிக் காட்டினாரே, அதை நினைத்துத்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சென்ற வருஷம் விளையாட்டில் புதிதாக ஓர் இடம் சேர்க்க முடிவாயிற்று. பாழடைந்த தங்கச் சுரங்கம். அதற்குள் செத்தும் போகாமல் அலைகிற தொழிலாளர்களின் பேய்கள். எங்கள் குழுவின் தலைவர் மைசூர்ப் பக்கத்துக்காரர். கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "உங்க ஊர்க் கதைதானே மேடம். இதை நீங்க செய்யாம யார் செய்வாங்க?" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே அப்பாவைக் கேட்டேன்.

"தலைல இன்னா, இடுப்புல இன்னா, எல்லாம் சொல்லுப்பா."

"தலைல ஹெல்மெட்டு, அதுல லைட்டு. இடுப்புல பேட்டரி, கல்லு மாரி கனக்கும். கால்ல பூட்ஸு. கைல சோத்து டப்பா. அவ்ளோதான்."

"மடியில?"

"மடியில இன்னா இருக்கும்? வெத்தல பாக்கு இருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து தன் டோக்கனை எடுத்து வந்தார். நம்பர் அடித்த பித்தளை வில்லை. கீழே இறங்குகிறவன் யார், மேலே வந்தவன் யார் என்று அந்த நம்பரை வைத்துத்தான் தெரியும். சுரங்கத்தை மூடியபோது அதைத் திருப்பிக் கேட்க ஆளில்லை. "சொரங்கத்துலேர்ந்து நான் எடுத்துக்கினு வந்தது இது ஒண்ணுதான். வெச்சிக்கோ, படம் வரையறதுக்கு ஆவும்" என்றார்.

அப்படியே செய்தேன். பேய் ஒவ்வொன்றுக்கும் அப்பா சொன்ன ஹெல்மெட், விளக்கு, பூட்ஸ். படம் வரைகிறவர் டோக்கனை வாங்கி அச்சு அசலாக வரைந்துகொடுத்தார். பேய்க்குப் பேய் தனித்தனியாக நம்பர் போட நேரமில்லை என்று எல்லா டோக்கனிலும் அப்பாவின் நம்பரே இருந்தது. அதுவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேய் செத்தால் டோக்கன் விழும், விளக்கு விழும், சில சமயம் காலி டப்பா விழும். தங்கம் விழாது. தங்கம் வேண்டுமென்றால் சுரங்கத்தை முழுக்கக் கடந்து மேலே ஏறி, சுரங்க முதலாளியான வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குப் போய், அவனோடு மோதி, இரும்புப் பெட்டியைத் திறக்க வேண்டும். யாரிடம் இருந்ததோ அவனிடம்தானே இருக்கும். என் சட்டம் அதற்கு முன் எங்கேயும் இவ்வளவு சரியாகப் பொருந்தியதில்லை.

விளையாடிப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டார். "தங்கச் சுரங்கத்துக்குள்ள போறாங்க மேடம், காலி டப்பாவோட வர்றாங்க. கோபம் வராதா? ஒவ்வொருத்தன் இடுப்புலயும் ஒரு கட்டி வைங்க."

"அவங்ககிட்ட தங்கம் இருக்காது சார். மேலே வரும்போது உடம்பு முழுக்கச் சோதிப்பாங்க."

"பேயை எவன் சோதிக்கப் போறான்?" என்று சிரித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டு, ரகசியம் கேட்கிறவர் மாதிரி, "உங்க அப்பா ஒரு துண்டுகூட எடுத்ததில்லையா? உண்மையைச் சொல்லுங்க, ஒரே ஒரு துண்டு?" என்றார்.

கெட்ட மனுஷர் இல்லை அவர். என் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கம்பெனியில் சண்டை போட்டுப் பணம் வாங்கிக்கொடுத்தவர். அதனால்தான் அந்தக் கேள்வி கூடுதலாகத் தைத்தது. ஆம்பூர் மாமாவாவது முன்பின் தெரியாதவர்.

நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்வார் என்பதையும் அவர் தணிந்த குரலில் சொன்னார். அந்த வேறொருவரை எனக்குத் தெரியும், வாரி இறைக்கிறவர். ஆளுக்கு மூன்று கட்டி வைப்பார். அதற்கு "திருட்டுத் தங்கம்" என்று பெயரும் ரெடியாக இருந்தது. நான் பேரம் பேசினேன். நானே வைக்கிறேன், ஆனால் எங்கேயோ ஒருவனிடம்தான் இருக்கும், அந்தப் பெயரும் வேண்டாம், வெறும் "தங்கக் கட்டி" போதும் என்றேன். தலைவர் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொண்டார். கூட்டமாக அலைகிற பேய்களில் அபூர்வமாக ஒன்றின் மடியில் மட்டும் ஒரு கட்டி கிடைக்கிற மாதிரி எண்ணிக்கையைக் குறைத்து வைத்தேன். மீதிப் பேர் யோக்கியர்கள். பாதி மானத்தையாவது காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்று ரயிலில் நிம்மதியாகத் தூங்கினேன்.

எத்தனை வருஷ அனுபவம் எனக்கு. இருந்தும் இதைப் பார்க்கத் தவறினேன்.

விளையாட்டு வெளியான பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்து உட்காரவைத்தார். இருவரும் ஒரே ஷிப்டில் வேலை செய்தவர்கள். கேஜில் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறியவர்கள். யாரோ சென்னைப் பையன் தான் விளையாடுவதைத் தமிழில் பேசிக்கொண்டே வீடியோ போட்டிருந்தான். அப்பா அதைப் போனில் கண்டுபிடித்திருந்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பாருபா, நம்ம லைட்டு. பேட்டரி பாரு, வயரு பாரு. எல்லாம் எம்பொண்ணு செஞ்சது" என்றார் அப்பா.

"அட, டப்பாகூட கீதுபா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பிறகு அந்தப் பையன் முதல் பேயை வெட்டினான். குனிந்து அதன் இடுப்பில் கையை விட்டுத் துழாவினான். ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. "டேய், எவனோ ஒருத்தன் வெச்சிருக்கான்டா. எவன்னுதான் தெரியல. ஒருத்தனையும் விடக்கூடாது" என்றான் பையன். சுரங்கத்தின் மூலைமுடுக்கெல்லாம் தேடிப் போய் வெட்டினான். பதுங்கியிருந்ததை வெட்டினான், ஓடியதைத் துரத்தி வெட்டினான். ஒவ்வொன்றையும் புரட்டி மடியைத் துழாவினான். எல்லாம் தீர்ந்ததும் வெளியே போய்த் திரும்ப வந்தான். பேய்கள் மறுபடி எழுந்திருந்தன. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். "திருட்டுப் பசங்க" என்று தானாகவே பெயர் வைத்திருந்தான். அந்தப் பெயருக்காக நான் ஆபீசில் மல்லுக்கட்டியதெல்லாம் வீண்.

கத்தியை வைத்துவிட்டேன். எல்லார் மடியிலும் தங்கம் இருந்திருந்தால் நாலு பேரைப் பார்த்துப் பையை நிரப்பிக்கொண்டு மேலே போயிருப்பான். ஒருவரிடமும் இல்லையென்றால் துரையின் பங்களாவுக்குப் போயிருப்பான். எவனோ ஒருவனிடம் மட்டும் இருக்கிறது என்றதால்தான் ஒருவனையும் விடவில்லை. அப்பாவைத் தினமும் வரிசையில் நிறுத்தியதும் இதே கணக்கில்தான். அந்தக் கணக்கை என் கையாலேயே போட்டிருக்கிறேன்.

அப்பாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "எங்கள நிக்க வெச்சுதான் பாத்தானுங்க. இவன் கொன்னுட்டுப் பாக்கறான்" என்றார். போனை மட்டும் கீழே வைக்கவில்லை.

கடைசியில் கிடைத்துவிட்டது. பையன் வீடு அதிரக் கத்தினான். செத்தவன் மடியிலிருந்து எடுத்ததெல்லாம் திரையில் பெரிதாக வந்தது. ஒரு தங்கக் கட்டி. பக்கத்தில் பித்தளை டோக்கன். டோக்கனில் நம்பர். அப்பா போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இது என் நம்பரு."

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவின் முதுகில் தட்டினார். "இன்னாபா, இத்தினி வருசமா எங்கிட்டகூட சொல்லவேயில்ல. எங்க ஒளிச்சு வெச்சிருந்த?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். கேலிதான். அவரை மாதிரி அப்பாவை அறிந்தவர் வேறு யாருமில்லை.

அப்பா எழுந்து நின்றார். சட்டைப் பையை வெளியே இழுத்துத் திருப்பினார். மடித்த மாத்திரை அட்டை ஒன்று கீழே விழுந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்தி, அதை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா என்னிடம், "நம்பர மட்டுமாச்சும் எட்த்துடும்மா" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்கிறவர் இல்லை.

திங்கட்கிழமை தலைவரிடம் போய் நின்றேன். அவர் உற்சாகத்தில் இருந்தார். சுரங்கத்துக்குள்தான் ஜனங்கள் அதிக நேரம் இருக்கிறார்களாம். கட்டிகளின் எண்ணிக்கையை நான் குறைத்தது பெரிய சாமர்த்தியமாம். நம்பர் விஷயம் சொன்னேன். அந்த டோக்கனைத்தான் விளம்பரத்தில் போட்டிருக்கிறோம், பார்க்கிறவர்களுக்கு அந்த நம்பர் மனப்பாடம், இனிமேல் தொட முடியாது என்றார். "உங்க அப்பாவுக்குப் பெருமைதானே மேடம்?" என்று கேட்டார். நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து, அடுத்த காட்டில் வரும் கரடிகளுக்குத் தோல் கணக்குப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "எட்த்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"எட்த்துட்டாங்கப்பா" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். அந்த வீடியோவை அவர் திரும்பத் திறந்து பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டார். பக்கத்து வீட்டுக்காரரோடு மறுபடி பேச்சு ஆரம்பித்துவிட்டது. மார்க்கெட்டுக்கும் இருவருமாகத்தான் போகிறார்கள். பழையபடி, எதற்கெடுத்தாலும் "மடியில கனம் இல்ல, வழியில பயம் இல்ல" என்கிறார். அவர் அதைச் சொல்ல ஆரம்பித்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.