எழுத்து வரிசைப்படி இரண்டு பஸ்

போன ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, என் அண்ணனின் நிச்சயதார்த்தத்துக்காகத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு இரண்டு பஸ்களில் கிளம்பினோம். அன்றைக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் படபடவென்று வந்துவிடும். கூடவே சிரிப்பும் வரும். அந்தக் கல்யாணத்தை நின்றுபோகிற அளவுக்குக் கொண்டுபோனது வேறு யாருமில்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த நானேதான்.

முதலில் அண்ணன் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவனும் விழுப்புரத்துப் பெண் ஒருத்தியும் ஒரே கல்லூரியில் படித்து, ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் அண்ணன் அவசரக்குடுக்கை. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், நண்பர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பைக்கில் போய்ப் பெண் கேட்டுவிட்டான். பெண்ணின் அப்பா வாசலிலேயே நிறுத்தி ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். "பசங்கள கூட்டிக்கினு பொண்ணு கேக்க வர்ற எடத்துல எப்படிப்பா பொண்ணு குடுக்கறது? பெரியவங்க இருந்தா கூட்டிக்கினு வா."

அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் போய் மன்னிப்புக் கேட்டும் மனிதர் இறங்கி வரவே இல்லை. இரண்டு வருஷம் இழுத்தடித்து, ஒருவழியாகச் சம்மதித்தபோதும் ஒரு நிபந்தனை போட்டார். நிச்சயத்துக்கு எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அத்தனை பேரும் தட்டோடு வந்து, அவர் சொந்தக்காரர்கள் முன்னால் முறையாகப் பெண் கேட்க வேண்டும். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும்.

இதில் நான் எங்கே வந்தேன்? பஸ்ஸில் யார் எங்கே உட்காருவது என்பதில் வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணச் சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், பஸ்ஸில் சீட் குறைந்தால் பொறுக்க மாட்டார்கள். அதிலும் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, கோபத்துக்குப் பெயர் போனவர். கூட்டேரிப்பட்டில் ஹைவே ஓரமாக டயர் கடை வைத்திருக்கிறார். முன்பு ஒரு காது குத்துக்குப் போனபோது அவரைப் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். தாய்மாமனுக்கு இதுவா மரியாதை என்று விக்கிரவாண்டியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் வரவில்லை. அண்ணன் கல்யாணம் என்பதால் இந்த முறை வருவதாகச் சொல்லியிருந்தார்.

"இந்த தபா சீட்டு பேஜாரே வேணாம்மா. எதுனா ஒரு வழி பண்ணு" என்று அம்மா கையைப் பிசைந்தாள்.

நான் பண்ணினேன். எல்லாருடைய பெயரையும் இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி அடுக்கி, முதல் பாதி முதல் பஸ், மீதி இரண்டாவது பஸ் என்று பிரித்துவிட்டால் யார் என்ன கேட்க முடியும்? ஏ-யில் பெயர் வைத்தது அவரவர் அப்பா அம்மா செய்த புண்ணியம். உடனே போனில் பெயரைத் தட்டி அனுப்புவதற்கு ஒரு பக்கம் செய்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். வந்த பெயர்களை அடுக்க ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அடுக்குகிற வேலைக்கு ஜாவாவிலேயே தயாராக ஒரு கட்டளை இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் போதும். என் தோழிகள் நாலைந்து பேர் பெயரைப் போட்டுப் பார்த்தேன், அழகாக அடுக்கியது. மார்தட்டிக்கொண்டு இரண்டு தாள்களை அச்சடித்து, விடியற்காலையில் பஸ்ஸுக்கு ஒன்றாகக் கதவில் ஒட்டிவிட்டு, சேலை கட்டிக்கொள்ள ஓடிவிட்டேன்.

நான் தயாராகி வந்தபோது முதல் பஸ் கிளம்பிப் போயிருந்தது. அப்பா, அம்மா, சீர்த் தட்டுகள் எல்லாம் அதில். அண்ணனும் நானும் இரண்டாவது பஸ்ஸில். ஏறினதுமே பாட்டு, குத்தாட்டம். மாப்பிள்ளையையே நடுவில் இழுத்துவிட்டு ஆட வைத்தார்கள். யாரும் 'உக்காருங்கடா' என்று அதட்டவில்லை. டிரைவர் அண்ணன்கூட ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். இவ்வளவு ஜாலியான பஸ்ஸில் நான் அதுவரை போனதே இல்லை. ஏன் இவ்வளவு ஜாலி என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

அதை யோசித்தவர் பெரிய மாமா. கூட்டேரிப்பட்டில் கடை வாசலில் வெள்ளை வேட்டியோடு காத்திருந்தவர், பஸ்ஸில் ஏறி, அவருக்காக நான் காலியாக விட்டுவைத்திருந்த முன்சீட்டைப் பார்த்து உட்கார்ந்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. பிறகு மெதுவாகத் திரும்பிப் பின்னால் கடைசி வரை பார்த்தார்.

"இன்னாம்மா, ஒரே பசங்களா இருக்குது. பெரிய மனுசங்க ஒருத்தரும் ஏறலியா?"

நானும் திரும்பிப் பார்த்தேன். ஒரு நரைத்த தலை இல்லை. இருபத்தைந்து வயதுக்கு மேல் யாராவது இருக்கிறார்களா என்று தேட வேண்டியிருந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, போனில் பெயர் வரிசையைத் திறந்தேன். மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தேன். ஏ, பி, சி என்று ஒழுங்காகப் போய், வி, ஒய் வரை வந்து, அங்கே முடிய வேண்டியது, மறுபடியும் ஏ என்று ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். நமக்கு இங்கிலீஷில் பெரிய 'ஏ'யும் ஒன்றுதான், சின்ன 'ஏ'யும் ஒன்றுதான். ஜாவா அப்படி நினைப்பதில்லை. நாம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், பெரிய எழுத்து அத்தனையும் முதலில், சின்ன எழுத்து அத்தனையும் அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரேஷன் கார்டு, பேங்க் என்று ஆயுள் முழுக்க ஃபாரம் நிரப்பிப் பழகியவர்கள். பெயர் என்றால் அவர்களுக்குப் பெரிய எழுத்துதான். எங்கள் செட்டோ, போனில் பெரிய எழுத்தைத் தொடுவதே கௌரவக் குறைச்சல் என்று நினைப்பது. ஆக, என் புரோகிராம் பெயரை அடுக்கவில்லை, வயதை அடுக்கியிருந்தது. பெரியவர்கள் எல்லாம் ஒரு பஸ், பசங்கள் எல்லாம் ஒரு பஸ். மாமா பெயரை மட்டும் பாண்டிச்சேரியில் படிக்கிற அவர் மகள் தன் போனிலிருந்து சின்ன எழுத்தில் அனுப்பியிருந்தாள். அதனால் எங்களோடு வந்த ஒரே பெரியவர் அவர்தான்.

"பரவாயில்ல மாமா, அவங்க முன்னாடியே போய்ட்டாங்க. நமக்கு முந்தியே விழுப்புரம் சேந்துடுவாங்க" என்றேன், எனக்கே தைரியம் சொல்லிக்கொண்டு.

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "முன்னாடி போன பஸ்ஸு நேரா எங்க போச்சு? மயிலம் ரோட்ல இல்ல திரும்புச்சு. நான் கைகூட காட்டினேன்."

பெரியவர்கள் மட்டும் நிறைந்த பஸ். 'நேரமாச்சு, வேணாம்' என்று சொல்லப் பசங்கள் யாரும் இல்லை. மயிலம் மலைமேல் முருகன் கோயில் அஞ்சு நிமிஷத் தூரத்தில். யாரோ ஒருவர் 'நல்ல காரியத்துக்குப் போறோம், ஒரு தேங்கா ஒடச்சிட்டுப் போயிடலாமே' என்றிருப்பார். அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்கு அடித்தேன், போன் அணைத்திருந்தது. அப்பாவுக்கு அடித்தேன், அவர் வீட்டில் மறந்துவிட்டுப் போய், நான் எடுத்து வந்திருந்த போன் என் கைப்பையிலேயே அடித்தது. கோயிலுக்குள் போனால் போனை அணைத்து வைக்கிற பக்திமான்கள் எங்கள் ஆட்கள்.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. மயிலம் போய்க் கூட்டிவரலாம் என்றான். மாமா வேண்டாம் என்றார். "ரெண்டு பஸ்ஸும் லேட்டா போனா, வரவே இல்லன்னு நெனச்சிக்குவாங்க. நாம போய் நிப்போம். வண்டிய எடுப்பா." கடைப் பையனை மட்டும் பைக்கில் மலைக்கு அனுப்பச் சொல்லி, கடையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்கு போன் போட்டார்.

விழுப்புரத்தில் பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, ஊரே கூடியிருந்தது. சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் சொம்பு, ஆரத்தித் தட்டு என்று வரிசையாக நின்றார்கள். எங்கள் பஸ்ஸிலிருந்து ஜீன்ஸ் போட்ட தம்பி இறங்கினான், கூலிங் கிளாஸ் போட்ட தம்பி இறங்கினான், அப்புறம் இன்னொரு தம்பி. ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்துக்கொண்டே, 'பெரியவங்க வருவாங்க' என்று அவர்கள் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியாக மாமா இறங்கினார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. தட்டும் இல்லை.

பெண்ணின் அப்பா அண்ணனைப் பார்த்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை. "அன்னிக்கும் இதே மாதிரிதான் வந்த."

"வந்துக்கினே இருக்காங்க மாமா" என்றான் அண்ணன்.

நான் முந்திக்கொண்டு, தப்பு என்னுடையது, கம்ப்யூட்டரில் பெயரை அடுக்கும்போது இப்படி ஆகிவிட்டது என்று மூச்சு விடாமல் சொன்னேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதை மாதிரி இருந்தது. "கம்ப்யூட்டரு மேல பழிய போடாதம்மா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே திரும்பினார். ஜன்னலில் அண்ணியாக வரப்போகிறவள் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

அப்போது மாமா முன்னால் வந்தார். ஐயோ, இவர் வேறு கத்தப் போகிறார், எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"சம்பந்தி, கொஞ்சம் நில்லுங்க" என்றார். "உங்க கோவம் நாயம். கோவிச்சிக்கறதுல என்னிய மிஞ்ச இந்த ஜில்லாவுல ஆளு கெடையாது, இதுங்கள கேட்டுப் பாருங்க. ஒரு சீட்டுக்காக காது குத்துக்குப் போற வழியில எறங்கி வூட்டுக்குப் போனவன் நானு. அன்னிக்கு ஒருத்தர் வந்து, 'உன்னிய பின்னாடி உக்கார வெச்சது எங்க தப்பு'ன்னு சொல்லியிருந்தா திரும்பி வந்திருப்பேன். யாரும் சொல்லல. அதான் நான் சொல்றேன். உங்கள இத்தினி பேரு முன்னாடி நிக்க வெச்சது எங்க தப்புங்க."

பெண்ணின் அப்பா திரும்பி நின்றார்.

மாமா எங்கள் பக்கம் கையைக் காட்டினார். "எங்க பெரியவங்க வர்ற வரைக்கும் உங்க வூட்டுப் பெரியவங்க எங்க பசங்களுக்கு ஆசீர்வாதம் பண்ணட்டும். டேய், கண்ணாடிய கழட்டு. வரிசையா வாங்க."

பஸ்ஸில் குத்தாட்டம் போட்ட கூட்டம் அப்படியே பெட்டிப்பாம்பாக வரிசையில் நின்றது. அண்ணியின் தாத்தாவையும் மற்ற பெரியவர்களையும் நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொருவராகக் காலில் விழுந்தோம். தாத்தா சும்மா விடவில்லை. யார் மகன், என்ன படிக்கிறாய், எந்த ஊர் என்று ஒவ்வொருவரையும் விசாரித்து, அதற்குப் பிறகுதான் திருநீறு பூசினார். காணை கிராமத்திலிருந்து வந்திருந்த தம்பி ஒருவனிடம் அவன் அப்பா தனக்குத் தெரிந்தவர் என்று ஆரம்பித்து, கரும்பு வெட்டு வரை பேசினார். வரிசை நகரவே இல்லை. வாட்சைப் பார்க்கிறேன், பத்து ஆகப் போகிறது.

பெண்ணின் அப்பா ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து மாமா பக்கத்தில் போட்டார். "நீங்க உக்காருங்க" என்றார் மாமா. "இல்ல, நீங்க மொதல்ல" என்றார் அவர். யாரும் உட்காரவில்லை. கடைசியில் இன்னொரு நாற்காலி வந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். அப்போது பெண்ணின் அப்பாவுடைய மீசைக்குள் லேசாக ஒரு சிரிப்பு வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சரியாக அப்போதுதான் தெருமுனையில் ஹாரன் கேட்டது. பஸ் நிற்பதற்குள் அண்ணன் ஓடினான். நெற்றி நிறைய விபூதியும் கை நிறையப் பிரசாதமுமாக எங்கள் பெரியவர்கள் இறங்கி வந்தார்கள், ஒரு கவலையும் இல்லாமல். "இன்னா ஒரு தரிசனம்" என்றாள் அம்மா என்னிடம். "பெரியவங்க ஒரு பஸ்ஸு, பசங்க ஒரு பஸ்ஸுன்னு எவ்ளோ அழகா பிரிச்சிருக்கே. எல்லாரும் உன்னியதான் மெச்சிக்கினு வந்தாங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "ஜல்தி, ஜல்தி" என்று தட்டுகளை வாங்கி வைத்தோம். ராகு காலம் பிறப்பதற்குள் தட்டு மாறியது. பெண்ணின் அப்பா தட்டை வாங்கும்போது மாமாவையும் பக்கத்தில் நிற்கச் சொல்லித்தான் வாங்கினார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, பந்தலிலேயே உட்கார்ந்து என் புரோகிராமில் ஒரு வரியை மாற்றினேன். எழுத்து பெரிதா சின்னதா என்று பார்க்காமல் ஒப்பிடு என்று சொல்வதற்கும் ஜாவாவில் ஒரு வழி இருக்கிறது, அவ்வளவுதான் வேலை. மறுபடி ஓட்டியதும் பெரியவர்களும் பசங்களும் கலந்து வந்துவிட்டார்கள். தை மாதக் கல்யாணத்துக்கு அந்த வரிசையில்தான் போனோம். மாமாவை மட்டும் நான் வரிசையில் சேர்க்கவில்லை. அவர் பெயரை முன்சீட்டில் கையால் எழுதி ஒட்டினேன்.

ஆனால் அன்றைக்கே அதைவிட முக்கியமான இன்னொரு வேலையும் செய்தேன். கை கழுவிவிட்டு வந்த மாமாவிடம் போய், "காது குத்துக்கு உங்கள பின்னாடி உக்கார வெச்சது எங்க தப்பு மாமா" என்றேன். அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி, விடு. இன்னிக்கு முன்சீட்டு குடுத்தியே" என்றார். கண் கலங்கியிருந்தது.

ஜாவாவுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி, மாமாவுக்குச் சொல்ல வேண்டியிருந்ததும் ஒரே ஒரு வரிதான்; அதை இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் ஒருத்தருமே சொல்லாமல் இருந்துவிட்டோமே என்பதை, எந்த வரிசையில் யார் பெயரைப் பார்த்தாலும் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.