நடுவில் நிற்காத கம்பி

அப்போது மஸ்கட்டில், ரூவி பஜாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். எங்கள் கடைக்கு ஓர் ஓமானி வருவார். துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் பழைய ஸ்கோப்புகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். துப்பாக்கி ஒன்றுகூட அவரிடம் கிடையாது. "சுடுறதுல என்ன பாய் இருக்கு, பாக்குறதுலதான் எல்லாம்," என்பார். அவர் பேசிய இந்தி என் காதில் இப்படித்தான் விழுந்தது.

எனக்கும் அந்தக் குழாய்கள் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. என் பாட்டன் காலத்தில் எவனோ ஒரு ஜெர்மன்காரன் தேய்த்த லென்ஸ், எதிர்க் கட்டட மாடியில் காய்கிற சட்டையின் பொத்தானை அப்போதும் துல்லியமாகக் காட்டியது. நாங்கள் விற்ற புதுக் கண்ணாடிகளை நினைத்து வெட்கப்பட்டேன்.

ஒருநாள் தன் அப்பாவுடைய ஸ்கோப்பைக் கொண்டுவந்தார். அப்பா இறந்துவிட்டார், அவருடைய துப்பாக்கியும் எப்போதோ கைமாறிவிட்டது, மிச்சம் இது மட்டும்தான். "லென்ஸ்ல பூஞ்சை புடிச்சிருக்கு. அதை மட்டும் துடைச்சுக் குடு," என்று வைத்துவிட்டுப் போனார்.

துடைத்துவிட்டுப் பார்த்தால், குறிபார்க்கும் கம்பி நடுவில் இல்லாமல் கீழே ஒதுங்கி நின்றது. கண்ணாடிக் கடைக்காரனுக்கு நடுப்புள்ளிதான் வேதம். கொஞ்சம் விலகினாலும் மாட்டுகிறவருக்குத் தலைவலி வந்துவிடும். கேட்காமல் கொள்ளாமல் மேலிருந்த குமிழைத் திருகி, கம்பியை நட்டநடுவில் நிறுத்தினேன். குமிழைச் சுற்றிப் படிந்திருந்த அழுக்கையும் விடவில்லை. பெரிய மேதாவி என்ற நினைப்பு.

மறுநாள் வந்தவர் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"பாய், பழசுல எல்லாம் கம்பிதான் நகரும். அவனவன் துப்பாக்கிக்குத் தோதா நகர்த்தி வெச்சுக்குவான். நடுவுலயே நிக்கிறது பின்னாடி வந்த மாடல். இதுல கம்பி நின்னது எங்கப்பா வெச்ச இடம்."

எனக்கு உயிரே போய்விட்டது. குமிழில் எண்கள் தேய்ந்திருந்தன. பழைய இடத்தைக் காட்டியிருக்கக்கூடிய அழுக்குக் கோட்டையும் நானே துடைத்தெறிந்திருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. "சின்ன வயசுல இதுல நெறைய பாத்திருக்கேன். நீ திருகு, நான் சொல்றேன்," என்றார்.

கடைக்குள் நின்றபடியே எதிர்க் கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தார். நான் மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். ஏசியிலும் சட்டை நனைந்துவிட்டது. இன்னும், இன்னும் என்றவர் கடைசியில், "பஸ், போதும். இங்கதான்," என்றார்.

அப்பாடா என்றிருந்தது. என்ன கண், என்ன ஞாபகம் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

சில மாதம் கழித்து வேறொரு ஸ்கோப்போடு வந்தார். என்னை நம்பித்தான் கொடுத்தார். அன்றைக்குக் கேட்டுவிட்டேன், "அவ்ளோ சரியா எப்படி பாய் ஞாபகம் இருந்துச்சு?"

"ஞாபகம் எங்க இருந்துச்சு?" என்றார். "உன் கை நடுங்குச்சு. அதான் போதும்னு சொன்னேன்."