காளைக் கொம்பில் அண்ணியின் பெல்ட்

எங்கள் அண்ணி பூமாலையைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

அண்ணிக்குப் பிறந்த ஊர் விழுப்புரத்துக்கு மேற்கே காணை. வாழ வந்தது கிளியனூர்ப் பக்கம், எங்கள் தெருவுக்கு. வேர்க்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்க இறங்கினால் அவள் கைக்கு யாரும் ஈடு கொடுக்க முடியாது. வாய்க்கும் அப்படித்தான். ஒருநாள் அவள் செருப்பில் நாயுருவியை ஒட்டி வைத்தேன். மறுநாள் என் கூழில் உப்பு இல்லை. கேட்டதற்கு, "செருப்புல தேடிப் பாரு" என்றாள்.

பிள்ளை உண்டாகி ஆறாம் மாதத்தில் அவளுக்கு அடியிடுப்பில் வலி வந்தது. ஒரு காலைத் தூக்கினால் எலும்பு பிளக்கிறதாம். அண்ணனிடம் அவள் சொன்னதை ஒட்டுக் கேட்டேன். திண்டிவனம் ஆஸ்பத்திரி நர்சு லட்சுமியம்மாள், துணியில் பெல்ட் தைத்துப் போடச் சொன்னார்களாம். "வயித்து மேல இறுக்காத. வயித்துக்குக் கீழ, இடுப்பெலும்பச் சுத்திக் கட்டு. படுக்கறப்ப அவுத்துடு."

அண்ணனின் பழைய வேட்டியை நாலாக மடித்து, கொக்கி வைத்து அவளே தைத்துக்கொண்டாள். புடவைக்குள் கட்டியிருப்பது யாருக்கும் தெரியாது. வலி என்று தெரிந்தால் கங்காணி சின்னக்கண்ணு வேலைக்குக் கூப்பிடமாட்டார். துவைத்தால்கூடக் கொடியில் புடவைக்கு அடியில்தான் காயப்போடுவாள்.

எண்பத்தாறாம் வருஷம் மாட்டுப் பொங்கலன்று கொடியிலிருந்து அதை உருவினேன். என்னவென்று தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பொய். கங்காணி வீட்டுக் காளையின் கொம்பில், பலூனுக்கு நடுவே கட்டிவிட்டேன். காளையைத் தெருவில் ஓடவிட்டார்கள். பையன்கள் பாய்ந்து பிடுங்கித் தூக்கிக் காட்டினார்கள்.

"எந்தப் பயில்வான் பெல்ட்டுடா இது?"

எதிர்வீட்டுத் தையல்நாயகி அக்கா பெல்ட்டைப் பார்த்தாள், அண்ணியின் வயிற்றைப் பார்த்தாள். "பூமாலை, உன்னுதாடி? வயித்தக் கட்டிக்கினா திரியற? புள்ளைக்கு மூச்சு முட்டப் போவுது!"

தெருவே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான். அண்ணி என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அன்றோடு பெல்ட்டை விட்டாள். கங்காணியும் கூப்பிடுவதை நிறுத்தினார். வாசற்படி தாண்டச் சுவரைப் பிடித்தாள். அண்ணனிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கூழில் உப்பு சரியாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

பையன்களிடமிருந்து பெல்ட்டை வாங்கிவந்து மூன்று முறை சோப்புப் போட்டுத் துவைத்து, அவள் கண்ணில் படும்படி கொடியில் போட்டேன். அவள் தொடவே இல்லை.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். அண்ணனுக்குத் திண்டிவனத்தில் மூட்டை ஏற்றும் வேலை. துணைக்கு நான் போனேன். அவள் துணிப் பைக்குள் அடியில் பெல்ட்டை மடித்து வைத்தேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் காணை பஸ் வந்தது. படி உயரம். கம்பியைப் பிடித்தாள், வளையலெல்லாம் குலுங்கின, இடது கால் எழும்பவே இல்லை.

"ஏறும்மா, ஜல்தி!" என்றார் கண்டக்டர்.

பின்வாங்கினாள். முகமெல்லாம் வியர்வை. பஸ் போய்விட்டது. பைக்குள் கைவிட்டேன்.

"அண்ணி, இத கட்டிக்கினு வா. அடுத்த பஸ்ல போவலாம்."

என்னையே பார்த்தாள். "இதுல எதனா பண்ணி வச்சிருக்கியா?"

"இல்ல அண்ணி."

"சாமி மேல சொல்லு."

"சாமி சத்தியமா இல்ல."

சத்தியம் செய்த பிறகும் பெல்ட்டைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு கொக்கியையும் விரலால் தடவி, மடிப்பை முகர்ந்து பார்த்தாள். அவள் பார்த்து முடிக்கும்வரை நான் பஸ் போர்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கட்டிக்கொள்ள, பூக்காரம்மா ஒருத்தி சாக்கை விரித்து மறைப்புப் பிடித்தாள்.

அடுத்த பஸ்ஸில் இடது கால் மெதுவாக எழும்பியது. தானே ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

காணை வரப்போகும் சமயத்தில்தான் பேசினாள். "நாளைலேர்ந்து நீயேதான் கூழு கரைச்சுக்கணும். உப்பு எங்க இருக்குதுன்னு தெரியுமா?"

"தெரியாது அண்ணி."

"செருப்புல தேடு."

அவள் சிரிக்கவில்லை. நான் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.