மாட்டுக் கொட்டகை பஸ்

வாழ்க்கையில் நான் வகித்த அதிகாரமுள்ள பதவி ஒன்றே ஒன்று: கண்டக்டர். ஒன்பது வயதில் கிடைத்து அந்த வயதிலேயே பறிபோனது. பிற்பாடு எழுத்தாளனாகிவிட்டதால், யாரையும் ‘உள்ளே தள்ளிப் போ’ என்று சொல்லும் உரிமை எனக்கு வாய்க்கவில்லை.

பஸ் ஓடியது திருப்புலிவனத்தில், எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில். பயணி என் அண்ணன்.

அண்ணனுக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. ஆட்டிசம் என்ற சொல் எங்கள் ஊருக்கு வந்து சேராத காலம். டவுன் பஸ்ஸே எப்போதாவதுதான் வந்து சேரும். அண்ணன் சொந்தமாக வாக்கியம் அமைக்க மாட்டான். எங்கோ கேட்டதை, கேட்ட குரலிலேயே எடுத்துத் தருவான். ரேஷன் கடைக்காரர் ஊரை விரட்டும் “சரக்கு வரல, நாளிக்கு வா” அவன் வாயிலிருந்து வந்தால், வேண்டாம் என்று பொருள். மறுசோறு போட வந்தாலும் அதுதான், கன்னத்தைக் கிள்ள வரும் அத்தைக்கும் அதுதான். ஊரார் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் கேட்டுக் கேட்டு, எந்த வாக்கியம் எதற்கு என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

எட்டாவது வரை பள்ளிக்கூடத்தில் ஜன்னலோரம் உட்கார விட்டார்கள், வாசிக்கக் கற்றுக்கொண்டான். அதற்கப்புறம் என்ன என்பது யாருக்கும் தெரியவில்லை. “இவன இன்னாதான் பண்ணப் போற” என்று அம்மாவைக் கேட்காத உறவினர் இல்லை. பதிலோடு வந்த உறவினரும் இல்லை.

பதில் உத்திரமேரூர் நாட்டு மருந்துக் கடையில் இருந்தது. எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா திப்பிலி வாங்கப் போனபோது அண்ணனும் கூடப் போனான். பேச்சு நீண்டதில், அவன் அங்கே கிடந்த காகிதங்களை எடுத்துப் பொட்டலமாக மடிக்கத் தொடங்கிவிட்டானாம். எல்லாம் அச்சில் வார்த்தது மாதிரி. முதலாளி அசந்துபோய் வேலை தருவதாகச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு.

“தனியா வந்து தனியா போவணும். தொணைக்கு ஒரு ஆளு வந்து குந்திக்கினா எனக்குக் கடையில எடமிருக்காது. மொத நாளுகூட வேணாம், சொல்லிட்டேன்.”

அண்ணன் தனியாகத் தெருமுனையைத் தாண்டியதில்லை.

அம்மா மாடுகளை வெளியே கட்டினாள். கொட்டகைக்குள் பெஞ்சு போட்டு, பிடித்துக்கொள்ளத் தலைக்கு மேல் கயிறு கட்டினாள். கையில் முறத்தைப் பிடித்து அவளே டிரைவர் ஆனாள்; நினைத்த இடத்தில் பிரேக் போட்டு எல்லோரையும் குலுங்கச் சொல்வாள். வெற்றிலை மென்றபடி வழியை மறித்து நிற்பது நைனாவின் வேலை. அத்தை கீரைக்கூடையோடு ஏறி இடம் கேட்டுச் சண்டை போடுவாள். அதற்கு அவளுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. திருவிழாவில் வாங்கிய விசில் என்னிடம் இருந்ததால் நான் கண்டக்டர்.

விசில் ஊதினால் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். அதனால் அம்மா என்னை முதலில் கிணற்றுக்கு அப்பால் நின்று ஊதச் சொன்னாள். பிறகு துவைக்கிற கல்லருகே. பிறகு வாசற்படியில். கடைசியில் அவன் காதோரம் ஊதியும் உட்கார்ந்திருந்தான். சமீபத்தில் சென்னையில் ஒரு கூட்டத்தில் நிபுணர் ஒருவர் இதே முறையைத் திரையில் படம் போட்டு, பெரிய பெயர் வைத்து விளக்கினார். சாண வாசனை இல்லாததுதான் குறை.

நான் நேர்மையான கண்டக்டர் இல்லை. ஏறும்போது கைகூப்பி “வணக்கம் சார்” சொன்னால்தான் டிக்கெட் என்று நானாக ஒரு விதி சேர்த்திருந்தேன். அண்ணன் அதையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டான்.

அந்த நாள் வந்தது. அண்ணன் கிளம்பியதும் அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள். “பின்னாலயே போ. அவன் கண்ணுல படாத. கடக்காரரு கண்ணுல படவே படாத. ஆளு கூட வந்துச்சின்னு தெரிஞ்சா வேல போச்சி.”

அண்ணன் முன்வழியில் ஏறினான், நான் பின்வழியில். நிஜக் கண்டக்டரைப் பார்த்ததும் கைகூப்பி, “வணக்கம் சார்” என்றான். கண்டக்டர் திரும்பிப் பின்னால் பார்த்தார், எந்த அதிகாரி நிற்கிறார் என்று. யாருமில்லை.

“இந்த சர்வீஸ்ல என்ன சார்னு கூப்ட்ட மொத ஆளு நீதாம்பா. இந்தாம்மா, கூடைய நவுத்து. அவரு குந்தட்டும்.”

என்னைப் பார்த்து, “தொங்கிக்கினு வராத, உள்ள போடா” என்றார். சக ஊழியருக்குக் காட்டும் மரியாதை அவ்வளவுதான்.

உத்திரமேரூரில் சரியாக இறங்கினான். கடைத்தெருவில் நடக்கும்போது ஒரு லாரி காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்தது. நாங்கள் ஒத்திகை பார்த்தது விசிலுக்கு மட்டும்தான். அண்ணன் நடுரோட்டில் காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டான். டிரைவர் மறுபடி அடித்தார். அம்மாவின் உத்தரவை மறந்து நான் ஓட எத்தனித்தபோது, அவன் ஒரு கையை எடுத்தான். கொஞ்சம் பொறுத்து மறு கையையும் எடுத்தான். நடந்தான். கடைக்குள் போய் உட்கார்ந்து காகிதத்தைக் கையில் எடுத்தான்.

அத்தோடு நான் திரும்பியிருக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் ஆசையில் கடைப்படி வரை போனேன். அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“சரக்கு வரல, நாளிக்கு வா.”

முதலாளி பதறிவிட்டார். “எல்லாச் சரக்கும் கீதேப்பா, வர்றவன ஏன் தொரத்துற? இன்னா வேணும் தம்பி?”

அந்தக் கடைத்தெருவில் அதன் பொருள் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் புலமையைக் காட்ட நாக்கு துடித்தது. காட்டினால் வேலை போய்விடும். “பரவால்லண்ணே, நாளிக்கு வரேன்” என்று வாடிக்கையாளர் முகத்தோடு திரும்பி நடந்தேன்.

அதன்பின் நான் நாலு உத்தியோகம் மாறிவிட்டேன். அண்ணன் மாறவில்லை, அந்தக் கடையில் அவன் மடித்த பொட்டலத்தை இன்றுவரை யாரும் பிரித்து மடித்ததில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒன்றைத்தான் கேட்டாள்: “கைய அவனேவா எடுத்தான்?” ஆமாம் என்றேன். நைனா கயிற்றை அவிழ்க்கப் போனார், மாடுகளை உள்ளே கட்ட. அம்மா “இருங்க” என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முறம் சுவரோரம் கிடந்தது. வண்டியை விட்டுவிட்டு டிரைவர் பயணியாக உட்காருவது எனக்குச் சட்டவிரோதமாகப் பட்டது.

“உத்திரமேரூர் வந்துடிச்சிம்மா, எறங்கு” என்றேன்.

“இன்னும் கொஞ்ச தூரம் போவட்டும்டா” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மாவுக்கும் பஸ் விளையாட்டு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்து, நான் உற்சாகமாக விசில் ஊதினேன்.