கொல்லக்கதவுக்கு வெச்ச கல்லு

தம்பி, நீ பள்ளிக்கூடத்துல சயின்ஸ் சொல்லிக் குடுக்கறவன், உங்கிட்டப் போயி இதச் சொல்றேன் பாரு. சிரிச்சா சிரிச்சுக்கோ. பேயி, பிசாசு, காத்து, கருப்பு எதையும் நான் ஒத்துக்கினவளே இல்ல. கோயில்ல சாமியாரு மந்திரிச்சுக் குடுக்கற தண்ணியக் கூட எங்க வூட்டுக்காரருக்காகத்தான் வாங்கியாருவேன். அந்தத் திமிருதான் என்னை இன்னைக்கு வரைக்கும் படுத்துது.

பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரிய வுட்டுப் போயி ரெண்டு வருஷமிருக்கும். உப்பளத்துல ஒண்டுக்குடித்தனம், நானும் அவரும்தான். அவரு ரொட்டிக் கடையில மாவு பிசையற வேலை. இருவது வருஷம் மாவுத் தூசியத் தின்னு நெஞ்சு கெட்டுப்போயி, அந்த ஆனி மாசம் இழுப்பு வந்து ஒக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. படுத்தா மூச்சு முட்டும். தலகாணிய அடுக்கிச் சாயவெச்சு முதுகத் தடவிக்கினே இருக்கணும். பகல்ல நான் தையல் மிஷினு மிதிச்சாத்தான் சோறு, ராத்திரி பூரா அவரோட முழிப்பு. பதினோரு நாளு. கண்ணு ரெண்டும் மொளகாப்பொடி பட்டாப்புல எரியுது. ஒரே ஒரு மணி நேரம் தூங்கவுட்டா போதும் ஆண்டவரேன்னு இருந்துச்சு.

அன்னைக்கு மத்தியானம் கடக்காத்து வரவே இல்ல. முருங்கையில ஒரு எல அசையல, சத்தியமாச் சொல்றேன். ஆனா தாப்பா கழண்டுபோன எங்க கொல்லக்கதவு தானா கிரீச்சுன்னு தொறக்குது, கொஞ்சம் நிக்குது, அப்பறம் தானா கிரீச்சுன்னு சாத்திக்குது. ரெண்டு மூணு நிமிசத்துக்கு ஒரு தரம். யாராவது தள்ளறாங்களான்னு எட்டிப் பாத்தேன், ஈ காக்கா இல்ல. இதுல என்னன்னா, கதவு தொறக்கறப்ப அவருக்கு இழுப்பு தளருது, சாத்தறப்ப இறுகுது. நாலஞ்சு தரம் பாத்துட்டேன். பாத்தும், அடச்சீ, தூக்கங்கெட்டவ கண்ணுக்கு என்னதான் தெரியாதுன்னு என்னையே திட்டிக்கினேன்.

அந்தக் கிரீச்சு மண்டையக் கொடஞ்சுது. கதவு சாத்தற நேரம் பாத்து அம்மிக் குழவியத் தூக்கியாந்து முட்டுக் குடுக்கப் போனேன். அவரு வேணாம்னு கைய ஆட்டுனாரு. பேச்சு வரல, இழுத்து இழுத்து, “வுட்டுடு ரோசு… அது பாட்டுக்கு ஆடட்டும்”ன்னாரு.

“நீங்களும் தூங்காதீங்க, என்னையும் தூங்கவுடாதீங்க”ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டுக் கல்ல வெச்சேன். அவருகிட்ட நான் கடைசியாப் பேசுனது அதுதான். மில்லுல மூணு மணிச் சங்கு ஊதிக்கினு இருந்துச்சு. தரையில சாஞ்சது மட்டுந்தான் தெரியும்.

முழிச்சப்ப வெயிலு எறங்கிடுச்சு. இழுப்புச் சத்தம் கேக்கல. தொட்டா கை சில்லுன்னு இருக்குது. ஐயோன்னு கத்திக்கினு, பக்கத்துல ஆளக் கூப்பிடலாம்னு கல்லத் தள்ளுனேன். கதவு மெதுவாத் தொறந்துச்சு. நம்பினா நம்பு, அப்பறம் அது சாத்தவே இல்ல.

முப்பதாம் நாளு பூசைக்கு எதிர்வூட்டு அந்தோணி அண்ணன் வந்தாரு. வானிலை ஆபீசுல வேலை அவருக்கு. அங்க காத்து எவ்ளோ கனம்னு ஒரு பேனா காகிதத்துல கோடு போட்டுக்கினே இருக்குமாம். நான் எல்லாத்தையும் சொல்லி அழுதேன்.

“பேயும் இல்ல ஒண்ணும் இல்ல தங்கச்சி. மேக்க மலையத் தாண்டுற காத்து பள்ளத்துல எறங்கி ஏறுது. மதகுல தண்ணி கல்லு மேல ஏறி எறங்கி அலையா ஓடுதே, அந்த மாதிரி மேல அலை கெளம்பிடும். கீழ எல அசையாது, ஆனா காத்தோட கனம் ஏறி ஏறி எறங்கும். கதவும் ஆடும்”ன்னாரு.

அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. நான் கல்லு வெச்சா என்ன, வெக்காட்டி என்ன, அலை அது பாட்டுக்குத்தான ஓடியிருக்கும்.

என் மனசு ஆறட்டும்னு ஆபீசுக்கே கூட்டிப்போயி அன்னைக்குக் காகிதத்த விரிச்சாரு. பன்னெண்டு மணியிலேருந்து நெளி நெளியா அலை, அவரு சொன்னது வாஸ்தவந்தான். வெரல வெச்சு நவுத்திக்கினே வந்தவரு மூணுகிட்ட வந்து நிறுத்திட்டாரு. அதுக்கப்பறம் ஸ்கேலு வெச்சு இழுத்தாப்புல ஒரே நேர்க்கோடு.

“நீ கல்லு வெச்சது எத்தன மணின்னு சொன்ன?”ன்னு கேட்டாரு. அவரு வெரலு நின்ன எடத்தையே காட்டுனேன். அவரு காகிதத்தச் சுருட்டி வெச்சுட்டாரு.

நீயாவது சொல்லு தம்பி. அவ்ளோ பெரிய காத்த ஒரு குழவிக்கல்லு நிறுத்துமா? நிறுத்தாதுல்ல? அப்பறம் எதுக்கு அவரு கதவ வுட்டுடுன்னு எங்கிட்டக் கெஞ்சுனாரு?