வெற்றிலைத் தட்டில் வைத்த ஃபீஸ்

செகந்திராபாத் மாரெட்பள்ளி வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில், மாடி பூட்டிக் கிடக்கிறது. அதைப் போய் வாடகைக்கு விட்டிருப்பதாக எழுதிக்கொண்டு மாநகராட்சியில் வீட்டு வரியை ஏற்றிவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! மேல்முறையீடு போட்டேன்.

மாடி காலி என்று நிபுணர் சாட்சி சொல்ல, ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவரை என் வக்கீலம்மா பிடித்துக் கொடுத்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஃபீஸ் எவ்வளவு என்றால், "அப்புறம் பார்க்கலாம்க்கா" என்பார். அறை அறையாக அளந்தார். மாடிக் குழாயைத் திறந்தார்; துருத் தண்ணீர் வந்தது.

"இங்க யாருமே இல்லக்கா. பார்த்தாலே தெரியுதே."

எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கேஸ் விஷயமாக என்று வருவார். காபி குடித்தபடி கேஸைத் தவிர எல்லாம் பேசுவோம். ஞாயிறு எப்போது வரும் என்றிருக்கும் எனக்கு.

சாட்சி சொன்ன அன்று, வெற்றிலை பாக்கு பழத்தோடு பணத்தையும் தட்டில் வைத்து நீட்டினேன். இவ்வளவு செய்தவருக்கு வெறும் கவரையா கொடுப்பது? பேச்சுக்கு, "ரசீது ஏதாவது..." என்றேன்.

"நமக்குள்ள ரசீது கைக்கு அக்கா, எதுக்கு?" என்று ஊர் உருது கலந்து சிரித்தார்.

கேஸ் ஜெயித்தது. சாட்சிக்கான செலவையும் எதிர்த்தரப்பே தர வேண்டும் என்று கேட்டோம்.

"ரசீது எங்கம்மா?" என்றார் வக்கீலம்மா.

"தாம்பூலத்துக்கு யாராவது ரசீது வாங்குவாங்களா?"

"கோர்ட்டுக்குத் தாம்பூலம் நக்கோம்மா, வேணாம். காகிதம் வேணும்."

விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் இல்லாத குடித்தனக்காரனுக்காக நான் ஏன் தண்டம் அழ வேண்டும்?

அந்த ஞாயிறு காபியோடு, ஃபீஸ் பெற்றதாக வக்கீலம்மா எழுதிக் கொடுத்த ரசீதையும் கையெழுத்துக்கு நீட்டினேன். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க மரியாதை பண்ணீங்கன்னு வீட்டுல சொல்லியிருந்தேன்க்கா."

"ஐயோ, இது கோர்ட்டுக்காகத்தான்!"

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துகொண்டார். காபி ஏடு கட்டிப்போயிற்று.

பிறகு அவர் வரவில்லை. செலவுத் தொகை முழுசாக வந்தது. இதைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலை அடுப்பில் வைத்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

"சந்தோஷம் மேடம். இன்னும் ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க. ஃபீஸை முன்னாடியே சொல்லிடறேன்."

மேடமாம்! அடுப்பில் இரண்டு பேருக்கான பால் பொங்கிக்கொண்டிருந்தது.