வேலாயி அக்காவின் இடது முழங்கால்

நான் புக்கிட் பெருவாங்கில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். 1996இல் என்னிடம் வந்தவர்களில் மூத்தவர் வேலாயி அக்கா. வயது ஐம்பத்து நான்கு. டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட்டில் முப்பது வருடம் புல் வெட்டியவர். அத்தனை வருடமும் எஸ்டேட் லோரியின் பின்னால் நின்றுகொண்டே போனவர், இனி ஸ்டீரிங் பிடித்து உட்கார்ந்துதான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சேமநிதிப் பணம் வந்ததும் பழைய கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுத்தான் என்னிடமே வந்தார்.

கற்பூர புத்தி. கண்ணும் கையும் சுத்தம். வீங்கிக் கிடந்த இடது முழங்கால்தான் சனியன். கிளட்ச்சை மிதித்துப் பிடித்தால் வலியில் கால் நழுவிவிடும். மேட்டில் நிறுத்தி ஏற்றும் சோதனையில் இரண்டு முறை கார் பின்னால் உருண்டது. இரண்டு முறையும் ஃபெயில். மூன்றாவது முறையும் கோட்டை விட்டால் காரை விற்றுவிடுவதாக அவர் கணவர் தம்புசாமி சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிற மனிதர்.

மாத்திரையெல்லாம் விழுங்கிப் பார்த்தாயிற்று. தெங்கேராவில் அட்டை விட்டு வைத்தியம் செய்யும் பாக் ஹாஷிமைப் பற்றிச் சொன்னேன்.

"முப்பது வருஷம் அதுங்ககிட்ட கடிபட்டது பத்தாதா தம்பி? இப்ப காசு குடுத்து வேற கடி வாங்கணுமா?" என்றார். ஆனால் மறுநாள் காலையில் எனக்கு முன்னால் கிளம்பி நின்றார்.

பாக் ஹாஷிம் போத்தலிலிருந்து ஓர் அட்டையை எடுத்து முழங்காலில் வைத்தார். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொப்பென்று விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது நேராக என் செருப்பை நோக்கி வந்தது. நான் நாற்காலியின் மேல் ஏறிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாக் ஹாஷிம் குனிந்து மோந்து பார்த்தார். "காலில் என்ன பூசியிருக்கிறீர்கள்?" என்று மலாயில் கேட்டார்.

வேலாயி அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். புல் வெட்டப் போகிறவர்கள் அட்டை ஏறாமலிருக்கச் சவுக்காரத்தையும் புகையிலைத் தண்ணீரையும் காலில் பூசிக்கொள்வார்கள். அட்டை என்று கேட்டதும் அவர் கை தன்னால் அதைச் செய்திருக்கிறது.

"பழக்கம்லா தம்பி. நான் என்ன செய்ய?"

மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகு அட்டைகள் சம்மதித்தன. அட்டையின் எச்சில் வலியை மரத்துப்போகச் செய்யும், இரத்தத்தை உறைய விடாது, குடித்து முடித்தால் தானே விழும், பிடுங்கக் கூடாது என்றார் பாக் ஹாஷிம். அக்காவோ கூச்சம் தாங்காமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"மெதுவா குடிடா. யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்று அட்டையிடமே சொன்னார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கடிவாயில் சாயங்காலம் வரை இரத்தம் கசிந்து, கட்டிய துணியை இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது.

இன்னும் இரண்டு முறை போனோம். வீக்கம் வடிந்தது. அட்டை வடித்ததா, அக்காவின் பிடிவாதம் வடித்ததா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

சோதனை நாளன்று வேலியோரம் நின்று, இல்லாத கிளட்ச்சை நானும் புல்லில் மிதித்துக்கொண்டிருந்தேன். கார் மேட்டில் நின்றது. லேசாக நடுங்கியது. ஓர் அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. அப்படியே ஏறிப் போய்விட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கார் சுற்றி வந்து நான் நின்ற வேலியோரம் நின்றது. பக்கத்து இருக்கையிலிருந்த அதிகாரி கையெழுத்துப் போட்டு, பாஸ் என்று சொல்லி, இறங்கச் சொன்னார். அக்கா இறங்கவில்லை.

"துவான், இன்னும் ஒரே ஒரு தடவை ஏறிக்கட்டுமா?" என்று மலாயில் கேட்டார்.

பாஸானவர்கள் அந்த மேட்டைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கழற்றிய சீட் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டார்.